கடைசியில் வருபவர் காணும் பாலை

கலிஃபோர்னியாவின் மொஹாவே பாலையில் இரண்டு பைக் குழுக்கள் எதிரெதிரே வந்தால் ஒரு சைகை உண்டு. முன்னால் வருபவர் கிளட்சிலிருந்து இடது கையை எடுத்து விரல்களைக் காட்டுவார். மூன்று விரல் என்றால் அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் வருகிறார்கள். அடுத்தவர் இரண்டு விரல் காட்டுவார், அதற்கடுத்தவர் ஒன்று. கடைசி ஆள் கையை முட்டியாக மூடிக் காட்டுவார்: எனக்குப் பின்னால் யாருமில்லை, வளைவில் பயமின்றித் திரும்பலாம். முன்பின் தெரியாதவர்கள், தலைக்கவசத்துக்குள் முகம்கூடத் தெரியாதவர்கள், ஒருவர் உயிரை ஒருவர் காத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. குழுவாகப் பாலையில் வண்டி ஓட்டும் வழக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தச் சைகைதான். அதன் வரம்பும் அதிலேயே இருக்கிறது. ஒரு கையில் ஐந்து விரல்களே உண்டு. ஆறு பேருக்கு மேல் போனால் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைச் சொல்ல வழியில்லை.

குழுவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மொஹாவேயின் பெரும்பகுதியில் செல்பேசிக்குச் சிக்னல் கிடையாது. மண் சாலை வண்டிகளில் விழுபவர்களுக்கு அடிக்கடி முறிவது காறை எலும்பு. அது முறிந்தவர் விழுந்து கிடக்கும் வண்டியைத் தானே தூக்கி நிறுத்த முடியாது. இன்று செயற்கைக்கோள் வழியே உதவி கேட்கும் கருவிகள் வந்துவிட்டன என்பது உண்மை. ஆனால் கருவி செய்தியைத்தான் அனுப்பும். உதவி வந்து சேரும் வரை நிழல் பிடிக்கவும் தண்ணீர் கொடுக்கவும் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். பஞ்சர் ஒட்டுவது, அறுந்த கிளட்ச் கேபிளை மாற்றுவது, மணலுக்கு ஏற்றபடி டயரின் காற்றைக் குறைப்பது எல்லாம் புதியவர்கள் பழையவர்களிடம் முட்டி போட்டு உட்கார்ந்து கற்றுக்கொள்பவை. இந்த வகையில் குழுவுக்கு மாற்று இல்லை.

குழு நடத்தும் முறையில்தான் எனக்குச் சண்டை. பெரும்பாலான குழுக்கள் இப்படித்தான் போகின்றன: வழி தெரிந்தவர் முன்னால் போவார். ஒரு பிரிவு வந்ததும் அவருக்கு அடுத்து வருபவர் அங்கேயே நின்று, பின்னால் வருகிறவர்களுக்கு வழி காட்டுவார். எல்லாரும் கடந்தபின் வரிசையின் கடைசிக்கென்றே அமர்த்தப்பட்டவர் வருவார். அவரைக் கண்டதும் நின்றவர் கிளம்பி அவருக்கு முன்னால் சேர்ந்துகொள்வார். அடுத்த பிரிவில் வேறொருவர் நிற்பார். அழகான முறை. வரைபடமே பார்க்காதவர்கூட வழி தவற மாட்டார்.

குறையும் அதே இடத்தில்தான் தொடங்குகிறது. பதினைந்து பேர் போனால் தாம் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்தவர் ஒருவர்தான் இருப்பார். கடைசி ஆளே விழுந்துவிட்டால், பிரிவில் நிற்பவர் வெயிலில் நின்றுகொண்டே இருப்பார். போவதா, காத்திருப்பதா, திரும்பித் தேடுவதா என்று அவருக்குத் தெரியாது. முன்னால் போனவர்கள் அதற்குள் பல கிலோமீட்டர் தாண்டியிருப்பார்கள். குழு பெரிதாகப் பெரிதாக இந்த இடைவெளியும் நீளும். காற்று இல்லாத காலையில் முன்வண்டி கிளப்பிய தூசி தரையை விட்டு எழுந்து அப்படியே நிற்கும். அது அடங்க ஒவ்வொருவரும் விலகி வர வேண்டியிருப்பதால், பதினைந்து வண்டிகள் ஒரு ரயிலைவிட நீளமாகிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பர் மாதம், பதினான்கு பேர் கொண்ட குழுவில் நான் கடைசி ஆளாகப் போனேன். எனக்கு முன்னால் ஓட்டியவர் மணலுக்குப் புதியவர், கோவைப் பக்கத்துத் தம்பி. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரே காட்சி. நாங்கள் இருவரும் போய்ச் சேரும்போது மற்றவர்கள் தலைக்கவசத்தைக் கழற்றி, தண்ணீர் குடித்து, படம் எடுத்து, காலாறி முடித்திருப்பார்கள். எங்களைக் கண்டதும் முன்னால் இருந்து என்ஜின் சத்தம் கேட்கும். “எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாமா?” தம்பி தலையாட்டுவார். “என்னப்பா, ஒரு பத்து நிமிஷம் உக்காரலாமா?” என்று நான் கேட்டால், “வேணாம்ணா, அவங்கள்லாம் காத்துக்கிட்டு இருக்காங்க” என்பார்.

நான்காவது நிறுத்தத்தைத் தாண்டி ஒரு மணல் ஓடையில் அவர் விழுந்தார். காறை எலும்பு. சட்டையைத் தளர்த்தி முதுகுப் பையைக் கழற்றியபோது அது கனமாக இருந்தது. மூன்று லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய அப்படியே இருந்தது. உறிஞ்சு குழாய் தோள்பட்டையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதை வாய்க்குக் கொண்டுவர ஒரு கையை எடுக்க வேண்டும். காலையிலிருந்து அந்தக் கையை எடுக்க அவருக்குத் துணிவு வரவில்லை. நிறுத்தங்களில் குடிக்க நேரமும் கிடைக்கவில்லை.

யாரும் அவரை விரட்டவில்லை, திட்டவும் இல்லை. அதனால்தான் இதை ஓர் ஆளின் தவறாக இல்லாமல் முறையின் தவறாகப் பார்க்கிறேன். நன்றாக ஓட்டுபவருக்குப் பதினைந்து நிமிட ஓய்வு கிடைக்கிறது. களைத்து வருபவருக்கு ஒன்றுமே கிடைப்பதில்லை. ‘மெதுவா வாப்பா’ என்ற அறிவுரையும் மணலில் உதவாது. மெதுவாகப் போனால் முன்சக்கரம் புதைந்து வண்டி சாயும். எழுந்து நின்று, பாரத்தைப் பின்னால் சாய்த்து, ஆக்ஸிலேட்டரை விடாமல் ஓட்ட வேண்டும். அதற்குத் தெம்பு வேண்டும், தெம்புக்கு ஓய்வு வேண்டும். கடைசி ஆள் வந்து சேர்ந்த நொடியிலிருந்துதான் ஓய்வு நேரத்தை எண்ண வேண்டும் என்ற ஒரே விதி இருந்திருந்தால் அன்று அந்த எலும்பு முறிந்திருக்காது என்றே நம்புகிறேன்.

கடைசியில் வருபவர் இன்னொன்றையும் பார்க்கிறார். முதல் வண்டி போன தடம் ஓரடி அகலம்கூட இருக்காது. கடைசி வண்டி போகும்போது அது அப்படி இருப்பதில்லை. பல வண்டிகள் ஒரே தடத்தில் முடுக்க முடுக்க, மண் அலை அலையாக மேடு பள்ளம் ஆகிறது. அதன் மேல் குதித்து இடுப்பு நோகிறவர் பக்கவாட்டில் விலகி ஓட்டுகிறார். தூசிக்குப் பயந்தவரும் விலகுகிறார். இரண்டாவது தடம் பிறக்கிறது, பிறகு மூன்றாவது. கேடு நினைத்து யாரும் விலகுவதில்லை. எண்ணிக்கை விலக வைக்கிறது.

விலகும் இடத்தில் இருப்பது வெறும் மண் என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். அது ஒரு பொருக்கு. சயனோபாக்டீரியாவும் லைக்கனும் பாசியும் நூல் நூலாக மண் துகள்களைப் பின்னிப் பிடித்திருக்கும் உயிருள்ள மேல்தோல். காற்றில் மண் பறக்காமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஒருமுறை நொறுங்கினால் மீண்டும் உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகும், சில இடங்களில் நூற்றாண்டுக்கும் மேல். இரண்டாம் உலகப் போரின்போது ஜெனரல் பாட்டன் தொடங்கிய ராணுவப் பயிற்சிக் களம் 1942 முதல் 1944 வரை இந்தப் பாலையில் இருந்தது. அங்கே ஓடிய டாங்கிகளின் தடங்கள் இன்றும் சில இடங்களில் கண்ணுக்குத் தெரிகின்றன.

எண்ணிக்கை எதுவரை போகும் என்பதற்குப் பார்ஸ்டோவிலிருந்து லாஸ் வேகஸ் வரை நடந்த பழைய பந்தயம் சான்று. 1967இல் தொடங்கியது. பாலையில் அகல வரிசையாக நின்று, தொலைவில் எழும் புகையைக் குறிவைத்து எல்லாரும் ஒரே நேரத்தில் பாய்வார்கள். 1974இல் ஓட்டியவர்கள் மூவாயிரம் அளவில். பாதிப்பைக் கண்ட மத்திய நில மேலாண்மைத் துறை 1975இல் அனுமதி மறுத்தது. 1983இல் கட்டுப்பாடுகளோடு திரும்ப வந்த பந்தயம் 1989இல் கடைசியாக நடந்தது. பாலை ஆமை அழியும் நிலையை நோக்கிச் செல்லும் உயிரினமாக 1990இல் அறிவிக்கப்பட்டதோடு பந்தயத்தின் கதை முடிந்தது. இப்போது நவம்பர் இறுதியில் அந்த ஊர்களுக்கிடையே நடப்பது பந்தயமல்லாத பயணம். பதிவெண் உள்ள வண்டிகள், ஏற்கெனவே இருக்கும் மண் சாலைகள். வேகம் விரும்பிய பழையவர்கள் இதை இழப்பென்று பேசுவதைக் கேட்டிருக்கிறேன். ஆமை குறைய பைக் மட்டுமா காரணம் என்று அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. நோயும், நெடுஞ்சாலைகளும், நம் குப்பையைத் தின்று பெருகிய அண்டங்காக்கைகளும் சேர்ந்துதான் ஆமையைக் குறைத்தன. ஆனால் மற்றவர்களின் பங்கைச் சுட்டி நம் பங்கைத் தள்ளுபடி செய்துகொள்ள முடியாது. பந்தயம் நின்றது சரியே.

பாலையில் ஓட்டுபவர்களை எல்லாம் அதன் எதிரிகளாகப் பார்ப்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. மொஹாவே பழங்குடி மக்கள் நீரூற்றிலிருந்து நீரூற்றுக்கு நடந்த பழைய வழிதான் இன்றைய மொஹாவே சாலை, ஏறத்தாழ 220 கிலோமீட்டர். டென்னிஸ் கேஸ்பியர் என்பவர் அதன் வரலாற்றைத் தேடி எடுத்து, 1980களில் வழிகாட்டி நூல் எழுதி, வண்டிக்காரர்களை அங்கே அழைத்தார். வந்தவர்களில் பலர் அந்தச் சாலையின் காவலர்களானார்கள். வறண்ட சோடா ஏரியின் நடுவே வழிப்போக்கர்கள் ஆளுக்கொரு கல் கொண்டுவந்து போட்டு வளர்த்த கற்குவியல் ஒன்று இருக்கிறது. வண்டியை நிறுத்திவிட்டு, வழியில் எடுத்து வந்த கல்லை அங்கே வைத்தபோதுதான் எனக்கு முன்னால் எத்தனை பேர் இவ்வழி போயிருக்கிறார்கள் என்பது மனதில் பதிந்தது. ஓட்டிப் பார்க்காத யாருக்கும் இந்த நிலத்தின் மேல் இவ்வளவு ஒட்டுதல் வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

ஆகவே ஓட்டுவோம், ஆனால் ஒரு குழுவுக்கு ஆறு பேர் போதும். பதினெட்டுப் பேர் வந்தால் மூன்று குழு, மூன்று வழிகாட்டி, அரை மணி இடைவெளி. ஒவ்வொரு குழுவிலும் குறைந்தது மூவராவது வரைபடம் பார்த்து ஓட்டட்டும்.

கடைசியாக, அடுத்த முறை போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். நிறுத்தத்தில் எல்லாரும் கிளம்பும் அவசரத்தில் இருக்கும்போது, வண்டியை நகர்த்துமுன் குனிந்து அடியில் பாருங்கள். வெயில் நாளில் நம் வண்டியின் நிழலுக்கு ஆமை வந்து படுத்திருக்கலாம். இருந்தால் தொடாதீர்கள். பயந்தால் அது உடலில் சேமித்து வைத்த நீரையெல்லாம் வெளியே விட்டுவிடும், அடுத்த மழை வரை தாங்காமல் இறந்தும் போகலாம். அது தானாக நகரும் வரை காத்திருங்கள். பின்னால் வரும் தம்பிக்கும் அதற்குள் தண்ணீர் குடிக்க நேரம் கிடைக்கும்.