புல்தரைக் காளானும் படக் குறிப்புகளும்

மழை விட்ட மூன்றாம் நாள் விளையாட்டுத் திடலின் புல்லில் வெண்குடைகள் முளைத்து நிற்பதைப் பார்த்திராத மாணவர் இருக்க முடியாது. இவற்றை இனங்காண இன்று படக் குறிப்புகளும் கைப்பேசிச் செயலிகளும் ஏராளம். மேலிருந்து ஒரு படம் பிடித்தால் போதும். பெயர் மட்டுமல்ல, உண்ணத்தகுமா என்பதும் நொடியில் வந்துவிடுகிறது. படங்கள் அழகானவைதாம். ஆனால் பெரும்பாலானவற்றில் ஒரு குறை உண்டு. குடையின் மேற்புறத்தைக் காட்டுவதோடு அவை நின்றுவிடுகின்றன. அடையாளமோ குடையின் அடியில் இருக்கிறது.

இதற்கு நல்ல சான்று குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ் என்னும் காளான். இந்தியா உட்பட வெப்பநாடுகளின் புல்தரைகளில், பல சமயம் வட்ட வட்டமாக, முளைப்பது. வெள்ளைக் குடை, அதன்மேல் பழுப்புச் செதில்கள், காம்பில் ஒரு வளையம். விரிந்த குடை 20, 30 சென்டிமீட்டர் அகலம்கூட இருக்கும். உண்ணத்தக்க மேக்ரோலெப்பியோட்டா என்னும் குடைக்காளானுக்கும் இதே வெள்ளை, இதே செதில், இதே வளையம்! மேலிருந்து எடுத்த இரு படங்களை அருகருகே வைத்தால் பழகிய கண்ணும் தடுமாறும். முன்னதை உண்டவர்க்கு ஒன்று முதல் மூன்று மணி நேரத்திற்குள் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மக்கள் தவறி உண்ணும் நச்சுக் காளான்களில் முதலிடம் இதற்குத்தான் என்பர்.

வேறுபாடு எங்கே? குடையின் அடியில் விசிறிமடிப்புப் போல் அமைந்த செவுள்களில் விளையும் ஸ்போர்களில். காளானின் இனத்தைப் பெருக்கும் இந்த நுண்துகள்கள் மேக்ரோலெப்பியோட்டாவில் வெண்மை. குளோரோபில்லம் மாலிப்டைட்டிசில் மங்கிய பச்சை. குளோரோபில்லம் என்றாலே கிரேக்கத்தில் பச்சை இலை என்று பொருள். தாவரங்களின் பச்சையத்துக்குக் குளோரோபில் என்று பெயர் வந்ததும் அதே சொற்களிலிருந்துதான். ஆனால் இக்காளானில் பச்சையம் துளியும் கிடையாது. பெயரைப் பார்த்து மாணவர்கள் ஏமாந்துவிடக்கூடாது. இளமையில் இதன் செவுள்களும் வெள்ளையாகவே இருக்கும். ஸ்போர்கள் முதிர்ந்த பிறகே பசுமை படரும். ஆகவே மொட்டுப் பருவத்துப் படத்தைக் கொண்டு எந்தச் செயலியும் இதை உறுதிப்படுத்த முடியாது.

ஸ்போரின் நிறத்தைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டியதில்லை. விரிந்த குடையைக் காம்பிலிருந்து வெட்டி, செவுள்கள் கீழ்நோக்க, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளில் வைத்து, ஒரு கிண்ணத்தால் மூடி இரவு முழுதும் விட்டுவிட வேண்டும். காலையில் தாளில் சக்கரத்தின் ஆரங்கள்போல் ஸ்போர்கள் படிந்திருக்கும். இதையே ஸ்போர் அச்சு என்கிறோம். சுவீடனைச் சேர்ந்த எலியாஸ் பிரைஸ் 1821-இல் வெளியிடத் தொடங்கிய தம் நூலில் செவுள் காளான்களை வகுக்க ஸ்போர் நிறத்தையே பெரிதும் துணைக்கொண்டார். இருநூறு ஆண்டுப் பழமையான, காசு செலவில்லாத இந்தச் சோதனைக்குப் பல படக் குறிப்புகள் ஒரு வரிகூட ஒதுக்காதது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

செயலிகளைக் குறைகூறுவது பழமைப்பற்றால் அன்று. 2023-இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வொன்றில் மூன்று செயலிகளைச் சோதித்தார்கள். அவற்றுள் சிறந்ததும் ஏறத்தாழப் பாதிக் காளான்களையே சரியாகச் சொன்னது. பெயரைத் தேடிப் படிக்கும் மாணவனுக்கு இது நல்ல தொடக்கம். சமையலறைக்குப் போகும் கூடைக்கு இது போதாது.

செயலியை நம்பாதவர்கள் வேறு சோதனைகளைச் சொல்வார்கள். நச்சுக் காளானோடு வேகும் வெள்ளிக் கரண்டி கறுக்குமாம். வேகவைத்த முட்டையும் வெள்ளியைக் கறுக்கச் செய்கிறதே, முட்டை நஞ்சா? முட்டையிலிருந்து வெளிப்படும் கந்தகச் சேர்மமே அதற்குக் காரணம். பூச்சி தின்ற காளானை நாமும் தின்னலாம் என்பது இன்னொன்று. கொடிய அமானிட்டா நஞ்சைத் தாங்கி அக்காளானிலேயே வளரும் ஈயினங்கள் உண்டு. நம் கல்லீரல் ஈயின் உடல் அன்று.

ஸ்போர் அச்சே எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நான் வாதிடவில்லை. கான்பரா நகரில் ஓக் மரங்களின் அடியில் அமானிட்டா பல்லாய்டிஸ் முளைக்கிறது. அதை அங்கே உண்ட இருவர் 2012 ஜனவரியில் இறந்தனர். வைக்கோல் காளான் என்று கருதிச் சமைத்திருக்கலாம் எனச் செய்திகள் கூறின. இரண்டுக்கும் காம்பின் அடியில் கிண்ணம் போன்ற உறை உண்டு. அச்சு எடுத்திருந்தால் வைக்கோல் காளான் இளஞ்சிவப்பையும், அமானிட்டா வெள்ளையையும் காட்டியிருக்கும். ஆனால் வைக்கோல் காளானை மொட்டாகவே பறித்து உண்பது வழக்கம். மொட்டு அச்சுத் தராது. தவிர, நம் புற்றுக்காளானின் அச்சும் இளஞ்சிவப்பு, நச்சுள்ள சில என்டலோமாக்களின் அச்சும் இளஞ்சிவப்பு. புற்றுக்காளானைப் பிடுங்காமல் தோண்டிப் பார்த்தால், காம்பு வேர்போல் நீண்டு கறையான் கூட்டுக்குள் இறங்குவது தெரியும். நிறம், வளையம், அடிக் கிண்ணம், மண்ணுக்குள் இருக்கும் பகுதி ஆகிய எல்லாம் ஒத்துவந்தால்தான் பெயர் சொல்ல முடியும். படத்தில் இவற்றுள் பாதி விழுவதே இல்லை.

படக் குறிப்புகள் விட்டுவிடும் இன்னொரு செய்தி, நேரம். குளோரோபில்லம் சில மணியில் வயிற்றைப் புரட்டிவிடும். அமானிட்டா பல்லாய்டிஸ் பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் பேசாதிருக்கும். வாந்தியும் பேதியும் வந்து அடங்கியபின் ஒருநாள் நலமானது போலத் தோன்றும். அந்த வேளையிலேயே கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். சமைப்பதால் அந்நஞ்சு சிதைவதில்லை. காட்டுக் காளானை உண்டவரை, வாந்தி நின்றுவிட்டாலும், மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். சமைக்காமல் எஞ்சிய காளானை அடிக்காம்போடு காகிதப் பையில் எடுத்துப்போனால், மருத்துவர் அதை இனங்காணச் செய்ய வழியுண்டு.