புகைதலும் சினத்தலும்: ஒரு சொல்லின் பொருளெல்லையும் ‘பூக்குழி’ வாசிப்பும்

சினத்தைச் சுட்டும் தமிழ்ச் சொற்களைத் தொகுப்போர் கனல்தல், கொதித்தல், எரிதல், புகைதல் ஆகியவற்றை ஒரே வரிசையில் நிறுத்துவர். இவை யாவும் சினத்தை நெருப்பாகக் காணும் ஒற்றை உருவகத்தின் கிளைகள் எனக் கொள்வதும் வழக்கமாகிவிட்டது. புகைதலைப் பொறுத்தவரை இவ்வகைப்பாடு பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. புகைதல் என்பது அளவிற் சிறிய சினமன்று; வெளிப்பட வழியில்லாத சினம். இவ்வேறுபாட்டைக் கருதாதபோது, திருச்செங்கோட்டுப் பகுதியின் எழுத்தாளரான பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ (2013) போன்ற நாவலைச் சாதிச் சீற்றத்தின் கதை என்ற அளவிலேயே வாசித்து முடித்துவிடுகிறோம்.

முதலில் தொடரமைப்பைக் காண்போம். சினத்தல் செயப்படுபொருளை ஏற்கும்: ‘அவன் அவளைச் சினந்தான்’. புகைதல் அதனை ஏற்பதில்லை. ‘அவளைப் புகைந்தான்’ எனத் தமிழில் எவரும் கூறார். ‘அவனுக்கு உள்ளே புகைகிறது’ என நான்காம் வேற்றுமையோடு வருகிறது; எழுவாயோடு வரும்போதும் ‘உள்ளுக்குள்’ என்னும் அடையைப் பெரும்பாலும் உடன்கொண்டே வருகிறது. இதன் பிறவினையாகிய புகைத்தல், தூபமிடுதலையும் சுருட்டுப் பிடித்தலையும் குறிக்கிறதேயன்றிச் சினமூட்டுதலைக் குறிக்கவில்லை. ஒருவர் மற்றொருவரை எரிச்சலூட்டலாம், கொதிக்கச் செய்யலாம். ‘புகைத்தார்’ என்றால் பொருள் வேறாகிவிடுகிறது. தன்வினை வடிவம் மட்டுமே உளப்பொருள் பெற்றிருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை.

புகைச்சல் என்னும் பெயர்வடிவமும் இதற்குச் சான்றாகும். எரிச்சல், உளைச்சல், குடைச்சல், காய்ச்சல் என்பன முதலில் உடல்நோவைக் குறித்துப் பின்னர் மனத்துக்குப் பெயர்ந்தவை. கண் புகைச்சலும் தொண்டைப் புகைச்சலும் இவ்வகையினவே. ஆகவே அடுப்புப் புகையிலிருந்து நேரே மனப்புகைச்சலுக்கு ஒரு தாவல் நிகழவில்லை. இடையில் உடல் நிற்கிறது. சினம் தன்னைக் காவாதவனையே கொல்லும் என்று வள்ளுவர் கூறவில்லையா என ஒருவர் வினவலாம். கூறுகிறார், ஆனால் ஆங்கு அது சினத்தின் விளைவு குறித்த எச்சரிக்கை. புகைச்சலிலோ தன்னை வருத்துதல் விளைவன்று. சொல்லின் அடிப்பொருளே அதுதான்.

பழைய வழக்கு இதனினும் நுட்பமானது. வெகுளியைக் குறிக்கக் கறுப்பு, சிவப்பு என்னும் நிறச்சொற்களையே தொல்காப்பிய உரியியல் காட்டுகிறது. இவை காண்போன் கண்ணுக்குப் புலனாகும் சினத்தின் பெயர்கள். புகை அங்கில்லை. கபிலர் பாடிய புறநானூற்று 117ஆம் பாட்டிலும், சிலப்பதிகார நாடுகாண் காதையிலும் ‘புகைதல்’ சனிக்கோளின் வினையாக வருகிறது. கோள் மாறுபட்டுத் தீங்கு பயக்கும் நிலையாக உரைமரபு இதனைக் கொள்ளும். எரியாமலே, எவரையும் நேரே தாக்காமலே, மழையைப் பொய்க்கச் செய்யவல்ல பகைமை அது. இன்றைய வழக்கு இதிலிருந்தே வளர்ந்தது என நிறுவ முற்படுவது மிகையாகும். எனினும் சுடரற்ற பகைமைக்கு இச்சொல் முன்னரே பழகியிருந்தது என்பது தெளிவு.

புகையைத் தொலைவிலிருந்து காண்பது வேறு, அருகிலிருந்து உணர்வது வேறு. மணிமேகலையின் 29ஆம் காதை அளவையியலை விளக்குமிடத்து, மலையிற் புகை கண்டு தீயுண்டெனத் துணிதலைக் காட்டி, அதற்கு அடுக்களையை எடுத்துக்காட்டாக்குகிறது. ‘நெருப்பில்லாமல் புகையாது’ என்ற பழமொழியும், கூட்டணியில் புகைச்சல் என எழுதும் நாளிதழ்த் தலைப்பும் இத்தருக்கத்தையே பின்பற்றுகின்றன. புகை அங்கே சான்று. அடுக்களைக்குள் இருப்பவருக்கோ அது சான்றன்று. நாமக்கல் மாவட்டத்துப் பரமத்தி வேலூர், பிலிக்கல்பாளையம் பகுதிகளில் கரும்புச்சாற்றைக் கொப்பரையிற் காய்ச்சும் வெல்ல ஆலைகளை எண்ணிப் பார்க்கலாம். காய்ந்த சக்கை சுடர்விட்டு எரியும். ஈரச் சக்கை புகையும். அடுப்புக்குத் தீத்தள்ளுபவருக்குப் புகை என்பது தீ இருக்கிறது என்ற செய்தியன்று, தீ இன்னும் பற்றவில்லை என்ற செய்தி. அவர் கண்தான் கரிக்கிறது. மனப்புகைச்சல் இந்த இரண்டாம் நிலைக்கு உரியது என்றே கருதுகிறேன். அகராதிப் பதிவுகள் இவ்விரு நிலைகளையும் பிரித்துக் காட்டுதல் வேண்டும். வட்டார வழக்குச் சொற்களைத் தொகுப்போருக்கு இது கூடுதற் பொறுப்பாகும்.

இனி நாவலுக்கு வருவோம். ‘புகை’ என்ற சொல் அதில் எத்தனை முறை பயின்று வருகிறது என்ற கணக்கு இங்கு நோக்கமன்று. சாதி மறுத்து மணந்த குமரேசனும் சரோஜாவும் அவனது ஊருக்கு வருகின்றனர். சரோஜாவின் சாதி எதுவென நாவல் பெயரிட்டுக் கூறுவதே இல்லை. அவளது நிறம், பேச்சு என்னும் அடையாளங்களைக் கொண்டு ஊர் அனுமானம் செய்கிறது. வாசகரும் அவ்வாறே செய்ய நேர்கிறது. புகை கண்டு தீ துணியும் அளவை, ஒரு பெண்ணை விசாரிக்கும் கருவியாகிவிடுகிறது. மணிமேகலை ஆசிரியர் அறிவுக்கு வாயிலாகக் கண்டது, பாறைமேலுள்ள வீட்டின் முன் வந்து நிற்கும்போது என்னவாகிறது என்பதை ஆய்வாளர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை.

மாராயியின் சினம் வெளிப்படையானது. ஒப்பாரியாகவும் வசையாகவும் அது நாள்தோறும் காற்றைப் பெறுகிறது. எனவே அவள் புகைவதில்லை, எரிகிறாள். புகைபவர்கள் மற்ற இருவரே. தாயை எதிர்க்கவும் ஊரை எதிர்க்கவும் இயலாத குமரேசன், மறுமொழி கூறும் உரிமையே அற்ற சரோஜா ஆகியோரின் சினத்துக்குக் கதையில் காற்று இல்லை. யாருக்கு எரிய உரிமை உண்டு, யார் புகைய மட்டுமே இயலும் என்ற பங்கீட்டிலேயே சாதியின் அதிகாரம் நுட்பமாகச் செயல்படுகிறது. சீற்றக் காட்சிகளை மட்டும் எண்ணும் வாசிப்பில் இப்பங்கீடு தட்டுப்படாது.

தலைப்பையும் இந்நோக்கில் காணவேண்டும். பூக்குழி என்பது நேர்த்திக்கடனுக்கு இறங்கும் தணற்குழி. கட்டைகள் எரிந்து, புகை அடங்கி, தணல் பூத்த பின்னரே அதில் இறங்குவர். இறங்கியவர் மறுகரை ஏறுவர். ஆங்கில மொழிபெயர்ப்பின் தலைப்பாகிய ‘பையர்’ சிதையைக் குறிப்பது. அதிலிருந்து எவரும் கரையேறுவதில்லை. கதையின் முடிவுக்கு அது பொருந்தலாம். ஆனால் மூலத் தலைப்பு புகையற்ற தீயைப் பெயரிட்டுவிட்டு, புகையாலேயே நிறைந்த கதையைச் சொல்கிறது. இறுதியில் சரோஜா பதுங்கியிருக்கும் புதரைச் சுற்றி ஊரார் தீ வைக்கின்றனர். அங்கே மறுகரை இருக்கிறதா என்பதை நாவல் கூறவில்லை.