கை ஓங்காதே என்று யாரிடம் சொல்கிறீர்கள்?

கம்மாபுரம் டீக்கடையில் ‘அசுரன்’ (2019) பற்றிப் பேச்சு வந்தால் கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். பகையை விட்டுட்டுப் படி என்று சிவசாமி மகனுக்குச் சொல்லும் புத்திமதி. நம்ம பசங்களுக்கு நல்ல பாடம் என்கிறார்கள், ஊர்த்தெருக்காரர்களும் சேர்ந்து.

படிப்பு வேணாம்னு யாரும் சொல்லவில்லை. ஆனால் எங்கள் விருத்தாசலம் பக்கத்துப் புதுக்கூரைப்பேட்டை முருகேசன் இன்ஜினியரிங் படித்தவர். வன்னியர் வீட்டுப் பெண் கண்ணகியைப் பதிவுத் திருமணம் செய்தார். 2003 ஜூலை 8 அன்று இருவருக்கும் விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். அவர் யாரையும் அடிக்கவில்லை. படிப்பு காப்பாத்துச்சா?

படத்துக்கு மூலமான பூமணியின் ‘வெக்கை’ (1982) இந்தப் புத்திமதியில் முடியவில்லை. அண்ணனைக் கொன்றவனைப் பதினைந்து வயசு சிதம்பரம் வெட்டிவிட்டு அப்பனோடு காட்டில் அலைகிறான். கடைசியில் கோர்ட்டில் சரணடையக் கிளம்புகிறார்கள். மகனை அப்பன் வீரனாக்கவும் இல்லை, கைவிடவும் இல்லை. சிதம்பரம் செய்தது தற்காப்பு அல்ல, பழிவாங்கல். இதை நாம் ஒளிக்கக் கூடாது. ஆனால் அண்ணன் கொலைக்கு நியாயம் கிடைக்காத வீட்டில் அந்தக் கத்தி எப்படிக் கைக்கு வந்தது என்பதையும் நாவல் ஒளிக்கவில்லை. படம் ஒளித்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் கடைசி வார்த்தையை அடிபட்டவனுக்கே உபதேசமாக வைத்துவிட்டது.

தற்காப்பு உரிமை இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1860-லேயே இருக்கிறது. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்திலும் இருக்கிறது. ஒரு நிபந்தனை: அரசு அதிகாரிகளிடம் போய்ப் பாதுகாப்புக் கேட்க நேரமிருந்தால் அந்த உரிமை கிடையாது. முருகேசன் வீட்டார் போலீசிடம்தான் போனார்கள். புகாரைப் பதியவில்லை. பிறகு தலித்துகள் மீதே சேர்த்து வழக்குப் போட்டார்கள். 2021-ல் கடலூர் நீதிமன்றம் தண்டித்த 13 பேரில் இரண்டு போலீஸ் அதிகாரிகளும் உண்டு. வழக்கு உச்சநீதிமன்றத்தில் முடிய 2025 ஆனது. கதவைத் தட்டு என்கிற சட்டம், கதவு திறக்க 22 வருஷம் எடுத்துக்கொண்டது.

‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில் அம்பேத்கர், கொல்லும் விருப்பம் வேறு, கொல்ல வேண்டிய தேவை வேறு என்று பிரிக்கிறார். இந்தப் பிரிவினையை வைத்துத்தான் ‘வெக்கை’யையும் வாசிக்க வேண்டும், நம்மையும் வாசிக்க வேண்டும். பழிக்குப் பழி நம் அரசியல் ஆகாது. உயிர் போகும் நேரத்தில் தடுக்கிற கை குற்றவாளியின் கையும் ஆகாது.

அகிம்சை நல்லதுதான் தோழர்களே. அதை முதலில் ஊர்த்தெருவில் போய்ச் சொல்லுங்கள். காலனிக்குப் பிறகு வரலாம்.