பாதியில் நிற்கும் பியர்

பெல்ஜியத்தின் எய்னோ மாகாணத்தில் தூர்ப் என்றொரு சிற்றூர். அங்கே 1844இல் பண்ணையோடு சேர்ந்து தொடங்கிய ஆலையில் இன்றைக்கும் காய்ச்சப்படுவது சேசோன் துபோன், 6.5 சதவீத ஆல்கஹால் கொண்ட சேசோன் வகை பியர். மிளகை நினைவூட்டும் ஒரு காரம், அளவான கசப்பு, நிறைய நுரை. விழுங்கிய பிறகு நாக்கில் இனிப்பு தங்காது. ஈஸ்ட் சர்க்கரையைக் கடைசிவரை தின்று தீர்த்திருக்கும்.

அந்த ஈஸ்ட்தான் வீட்டில் இருபது லிட்டர் வாளியில் காய்ச்சுகிறவர்களிடம் பாதி வழியில் படுத்துக்கொள்வதற்குப் பேர்போனது. சர்க்கரை தீரத் தீர ஒப்படர்த்தி 1.055இல் தொடங்கி 1.006 வரை இறங்க வேண்டும். இதுவோ சில நாள் பொங்கிவிட்டு 1.035 பக்கத்தில் உட்கார்ந்துவிடும். அப்போது குடித்தால் வெறும் மால்ட் பாகு.

கைதேர்ந்தவர் இந்த இடத்தில் என்ன செய்கிறார் என்று பார்ப்பது எனக்குப் பிடிக்கும். முதலில் அவர் எதையும் சேர்ப்பதில்லை. நின்றதா என்றே சந்தேகப்படுகிறார். மூடியிலுள்ள காற்றுப்பூட்டில் குமிழி வராதது சாட்சியாகாது. மூடி சரியாக அடைக்காவிட்டாலும் குமிழி வராது. ஒளிவிலகல்மானியை நம்பமாட்டார், ஆல்கஹால் கலந்தபின் அது மிச்சச் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். மிதக்கும் ஹைட்ரோமீட்டர்தான் வேண்டும். அடுத்து, தின்ன ஏதாவது மிச்சமிருக்கிறதா? மால்ட்டை 65 டிகிரி பக்கம் ஊறவைத்தால் ஈஸ்ட்டுக்கு உகந்த சர்க்கரை மிகுதி. 70ஐத் தாண்டினால் எளிதில் நொதிக்காத டெக்ஸ்ட்ரின் கூடிவிடும். அப்படியானால் அந்த பியர் நிற்காமல், முடிந்தே போயிருக்கலாம்.

இதைத் தீர்மானிக்கும் சோதனைதான் இந்தக் கலையின் அழகான பகுதி. ஒரு குவளை பியரைத் தனியே எடுத்து, ரொட்டி ஈஸ்ட்டானாலும் சரி, தாராளமாகப் போட்டு, வெதுவெதுப்பான இடத்தில் அடிக்கடி குலுக்கி வைக்கிறார்கள். இரண்டு மூன்று நாளில் அது எங்கே இறங்குகிறதோ, ஏறக்குறைய அதுவே பெரிய வாளியின் எல்லை. குவளையும் 1.035இலேயே நின்றால் ஈஸ்ட்டைத் திட்டிப் பயனில்லை.

குவளை இறங்கினால் வாளிக்குச் சூடு தேவை. இந்த ஈஸ்ட்டை 30 டிகிரிக்கு மேலேயும் ஏறவிடுகிறார்கள். மற்ற பெரும்பாலான பியர்களில் அந்த வெப்பம் சுவையைக் கெடுக்கும். காற்றுப்பூட்டின் லேசான அழுத்தமே இந்த ஈஸ்ட்டை முடக்குகிறது என்று நம்பி, வாளியின் வாயைத் தகட்டுத்தாளால் மட்டும் மூடுகிறவர்களும் உண்டு. வாளியை ஆட்டிக் காற்றேற்றுவதை மட்டும் யாரும் செய்யக்கூடாது. பாதி நொதித்த பியரில் ஆக்சிஜன் சேர்ந்தால் நனைந்த அட்டை வாசம் வரும்.

பொறுமையற்றவர்கள் எதையும் விட்டுவைக்காத வேறொரு சேசோன் ஈஸ்ட்டை ஊற்றி முடித்துவிடுகிறார்கள். குற்றமில்லை, முதல் சில நாளிலேயே துபோன் ஈஸ்ட் தன் காரத்தைப் பெரும்பாலும் கொடுத்துவிட்டிருக்கும். புட்டியில் அடைக்க அவசரப்படுகிறவர்களைத்தான் மன்னிக்க முடியாது. 0.004 அளவு மிச்சம் புட்டிக்குள் நொதித்தாலே லிட்டருக்கு இரண்டு லிட்டர் கரியமில வாயு. 1.035இல் அடைத்தால் கண்ணாடி தாங்காது.