மர்மக் கதைகளை அளக்கும் கோல்

மர்மக் கதை, மாயக் கதை, வீரச் செயற் கதை ஆகிய இம்மூன்றையும் படிக்கும் மாணவனைக் கண்டால் நம் ஆசிரியர்களிற் பலர் முகம் சுளிப்பர். 'பொழுதைக் கொல்லும் நூல்கள்' என்பது அவர்தம் தீர்ப்பு. ஒரு பொருளைத் தாழ்ந்தது என்று தள்ளுமுன் அதனை எக்கோல் கொண்டு அளந்தோம் என்று சொல்லுதல் அறிஞர் கடன் அன்றோ? அளவாமலே தள்ளிய குற்றம் எனக்கும் உண்டு. ஆதலின் பிறரைக் குறை கூறுமுன் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இருபது ஆண்டுகளுக்கு முன்னர், தோட்டப் பள்ளி ஒன்றில் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். பின்வரிசை மாணவன் ஒருவன் மேசைக்கடியில் ஒரு நூலை மறைத்துப் படித்தான். அட்டையும் இல்லை, முதல் ஏடுகளும் இல்லை. நூற்பெயரே தெரியாத துப்பறியும் கதை. அவன் தாத்தாவின் தகரப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தது. பறித்து என் மேசை அறைக்குள் போட்டேன். ஆண்டிறுதியில் மேசையைத் துப்புரவு செய்தபோதுதான் அதனைத் திறந்து பார்த்தேன். நூலின் இறுதி ஏடுகளும் கிழிந்து போயிருந்தன. குற்றவாளி யார் என்பதை அறிய வழியே இல்லை. எஞ்சிய கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் அச்சிறுவன் பென்சிலால் மூன்று பெயர்களை எழுதியிருந்தான். இரண்டு பெயர்கள் அடிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் எதிரிலும், அவன் குற்றவாளி அல்லன் என்பதற்கு ஒரு காரணம். மூன்றாவது பெயரின்கீழ் ஒரு கோடு.

கருத்துணர்தல் பாடத்தில் ஓராண்டு முழுதும் நான் கற்பிக்க முயன்று தோற்றதை அந்தக் கிழிந்த நூல் அவனுக்குக் கற்பித்துவிட்டது. நூலைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றால் அவன் இல்லை. தோட்டத்தை வீடமைப்புக்கென அழித்தபோது அவன் குடும்பம் நகருக்குப் பெயர்ந்துவிட்டது. நூலைப் பறித்த நாளுக்குப்பின் அவன் பள்ளி நூலகத்தில் ஒரு தமிழ் நூலும் எடுக்கவில்லை என்பதைப் பதிவேடு காட்டிற்று. அன்று முதல் இவ்வகை நூல்களைத் தேடிப் படித்து வருகிறேன். அவற்றை அளக்க ஒரு கோலும் தேடினேன்.

அக்கோல் மேனாட்டிலிருந்து வர வேண்டியதில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலிலேயே இருக்கிறது. எட்டு மெய்ப்பாடுகளுள் அச்சம், மருட்கை, பெருமிதம் என்னும் மூன்றும் முறையே மர்மக் கதைக்கும் மாயக் கதைக்கும் வீரச் செயற் கதைக்கும் உயிராவன. ஆசிரியர் ஒவ்வொன்றற்கும் நந்நான்கு நிலைக்களன்கள் வகுத்தார். வருத்தும் தெய்வம், கொடிய விலங்கு, கள்வர், தம்மை ஆளும் மன்னன் ஆகியவற்றால் அச்சம் பிறக்கும். பேய்க் கதையும் காட்டுக் கதையும் துப்பறியும் கதையும் இம்முதல் மூன்றனுள் அடங்குதல் காண்க. நான்காவது நுட்பமானது. கள்வனால் வரும் அச்சத்தினும், நீதி வழங்க வேண்டியவனே தவறிவிடுவானோ என்னும் அச்சம் பெரிது. சிலப்பதிகார வழக்குரை காதை நிற்பது இதன்மேல்தான். சிலம்பின் உள்ளீடு முத்தா மாணிக்கமா என்பதொன்றே ஆங்குச் சான்று. மன்னன் தன் வாயாலேயே முத்து என்று கூறுகிறான். பின்னரே கண்ணகி சிலம்பை உடைக்கிறாள். சான்று முழுவதும் அவையோர் கண்முன்னும் நம் கண்முன்னும் நிகழ்கிறது. ஆகவே, மர்மக் கதைக்கு முதல் விதி இது: சான்றைப் படிப்பவனிடமிருந்து மறைத்தலாகாது. 1929இல் ஆங்கில நாட்டுப் பாதிரியார் ரோனால்டு நாக்ஸ் துப்பறியும் கதைக்கு வகுத்த பத்து விதிகளுள்ளும் இதுவே சாரமானது.

இக்கோலால் நம் நூல்களை அளந்து பார்ப்போம். தமிழில் துப்பறியும் நாவல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேரூன்றியது. ஜே. ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தனும், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியாரும் நம் பாட்டன்மார் காலத்துப் பெருவழக்கு. ஆரணி குப்புசாமி முதலியாரோ, இலண்டன் மாநகரின் இருட்டுச் சந்துகளை எழுதிய ரெயினால்ட்ஸின் நாவல்களைத் தழுவித் தமிழாக்கிக் குவித்தார். இவர்கள் நூல்களில் அச்சம் மிகுதி. சான்றை வரிசையாக வைத்து முடிவுக்கு வருதல் குறைவு. ஒட்டுக்கேட்டலும் மாறுவேடமும் தற்செயற் சந்திப்புமே முடிச்சை அவிழ்க்கின்றன. எனினும் புலவர்க்கன்றிப் பிறர்க்கு நூல் இல்லை என்றிருந்த காலத்தில் எழுத்தறிந்த எளியோரைப் பெருந்தொகையாகப் படிக்க வைத்தவர்கள் இவர்களே. வரலாற்றில் இவர்களுக்கு இடம் உண்டு. மாணவர் கையில் இன்று கொடுப்பதற்குரியவை அல்ல என்பதே என் துணிபு. நடை பழையது, பொருளும் முதியோர்க்குரியது.

அடுத்து வந்தவர் தமிழ்வாணன் (1926-1977). அவர் படைத்த சங்கர்லாலை அறியாத தோட்டத்து வீடு என் இளமையில் அரிது. தூய எளிய தமிழ், சிறு வாக்கியம், ஆபாசம் கலவாமை, அயல்நாட்டு நகரங்களை வீதி வீதியாகக் காட்டுதல் ஆகிய நான்கும் அவர்தம் சிறப்பு. தமிழ் தட்டுத்தடுமாறும் மாணவனுக்கு இதனினும் நல்ல ஏணி கிடைப்பது கடினம். குறையும் உண்டு. சங்கர்லால் தேநீர் அருந்திச் சிந்திக்கிறார், விடை வந்துவிடுகிறது. அவர் கண்டதை நாமும் கண்டோமா என்றால், பல கதைகளில் இல்லை. வியக்கிறோமேயன்றி உடன் சிந்திப்பதில்லை. தொடக்க நூலாகக் கொடுக்கலாம், அதனோடு நின்றுவிடலாகாது.

தேவனின் துப்பறியும் சாம்பு இதற்கு நேர்மாறு. சாம்புவிடம் அறிவுமில்லை, திட்டமுமில்லை; குருட்டு அதிர்ஷ்டமே வெற்றி தருகிறது. உலகமோ அவனை மேதை எனப் போற்றுகிறது. அச்சம் இருக்க வேண்டிய இடத்தில் நகையை வைத்தார் தேவன். துப்பறியும் கதைகள் நாலைந்து படித்த மாணவனுக்கே இதன் சுவை முழுதும் விளங்கும். ஆதலின் சங்கர்லாலுக்குப் பின் சாம்புவைக் கொடுப்பதே முறை. அப்போதுதான் 'காரணம் இல்லாத வெற்றி வெற்றியாகுமா?' என்னும் வினா வகுப்பில் தானே எழும்.

இனி மருட்கை. முன் காணாத புதியது, மிகப் பெரியது, மிகச் சிறியது, ஒன்று மற்றொன்றாய் மாறுவது என்பன அதற்கு நிலைக்களன்கள். 1726இல் வெளிவந்த கல்லிவரின் பயணக் கதையில் குள்ளர் நாடும் அரக்கர் நாடும் வருதலையும், இளவரசன் கிளியாய் மாறும் நம் பாட்டிக் கதைகளையும் எண்ணிப் பார்த்தால், தொல்காப்பியர் பகுப்பின் அகலம் புலனாகும். ஆயின் மாயம் நிகழ்வதனாலேயே கதை சிறப்பதில்லை. மந்திரக்கோல் எதையும் செய்யும் என்றால் கதைத்தலைவன் எதையும் செய்ய வேண்டியதில்லை. படிப்பவன் எதற்கும் கவலைப்பட வேண்டியதில்லை. மாயத்துக்கு எல்லையும் விலையும் வேண்டும். இதுவே இரண்டாம் விதி.

இதற்கு வேதாளக் கதையே தக்க சான்று. 1947இல் தொடங்கிய 'அம்புலிமாமா' அக்கதை வடிவத்தைப் பல்லாண்டு இடைவிடாது வெளியிட்டுத் தமிழ்ச் சிறுவர் நெஞ்சில் பதித்தது. விடை தெரிந்தும் அரசன் வாய் திறவாவிடில் தலை வெடிக்கும்; வாய் திறந்தால் வேதாளம் பறந்து மரமேறும். எவ்வளவு இறுக்கமான கட்டளை! அறிவுடைமையே அவனுக்கு இடையூறாகிறது. அன்றியும், ஒவ்வொரு கதையும் ஒரு வினாவில் வந்து நிற்கிறது. நீ அரசனாயின் என்ன சொல்வாய் என்று படிப்பவனையே கேட்பது போன்றது அது. அவ்விதழ் இன்று வெளிவரவில்லை. பழைய இதழ்களை வீட்டில் வைத்திருப்போர் பழந்தாள் வணிகருக்கு எடைக்குப் போடாமல் பள்ளிக்கு அளிப்பாராயின் நன்று.

மூன்றாவது பெருமிதம். இளைஞர் வீரக் கதை என்றவுடன் நாம் வாளையும் குதிரையையும் எண்ணுகிறோம். தொல்காப்பியரோ கல்வியை முதலில் வைத்து, அதன்பின் அஞ்சாமை, புகழ், ஈகை என்று அடுக்கினார். அடிதடியில் வல்லவன் பெருமிதத்தின் காற்பங்கே பெற்றவன் என்பது இதனால் தெளிவு. ஒரு வீரக் கதையில் தலைவன் ஏதேனும் கற்றுக்கொள்கிறானா? தனக்குரியது ஒன்றைப் பிறர்க்காக இழக்கிறானா? இவ்விரண்டு வினாக்களுக்கும் 'ஆம்' என்னும் விடை கிடைத்தால் நூலைத் துணிந்து கொடுக்கலாம். இது மூன்றாம் விதி.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடர்கதையாய் வந்தது. ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமேல் வரும் வந்தியத்தேவன் குறையற்றவன் அல்லன். வாய்த்துடுக்குடையவன், அவசரக்காரன், இடர்ப்பட்டால் பொய்யும் கூறுவான். ஆயினும் ஒப்படைத்த ஓலையை உயிரெனக் காத்து உரியவரிடம் சேர்க்க முயல்கிறான். தன் பிழைகளால் பாடம் கற்கிறான். நம் மாணவர் அவனிடம் தம்மைக் காண்பது இதனாலேயே. நூலின் பெருமர்மமான ஆதித்த கரிகாலன் கொலையைச் செய்தவர் யார் என்பதைக் கல்கி ஐயத்துக்கிடமின்றிச் சொல்லவில்லை. சிலர் இதனைக் குறையென்பர். நான் நிறையென்பேன். உடையார்குடிக் கல்வெட்டில் ரவிதாசன் முதலியோர் பெயர் காணப்படுகிறது என்று சொல்லி, மாணவரையே ஆராய விடலாம். கதையிலிருந்து வரலாற்றுக்கு இதைவிட நேரான வழி உண்டோ? ஐந்து பாகம் பத்து வயதினர்க்கு மிகை. பதினான்கு வயதினர்க்குப் பொருந்தும். இளையோர்க்கு முதலில் 'பார்த்திபன் கனவு' போதும். அதில் வரும் சிவனடியார் யார் என்பதை நான் ஈண்டுச் சொல்லமாட்டேன். ஆசிரியர்களும் வகுப்பில் சொல்லிவிடலாகாது.

நூலைக் கண்டெடுப்பது எங்ஙனம்? ஆசிரியர் பயிற்சியில் பாடம் நடத்தக் கற்றோம். குழந்தைக்கு நூல் தேரக் கற்றோமில்லை. என் பட்டறிவை மட்டும் சொல்கிறேன். முதலாவது, தோட்டத்து முதியோரைக் கேளுங்கள். பெட்டிக்கடியிலும் பரண்மேலும் தைத்துக் கட்டிய தொடர்கதைகள் இன்னும் உள்ளன. இரண்டாவது, கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டவை. ஆதலின் மலிவுப் பதிப்பாகவும் இணையத்திலும் கிடைக்கின்றன. மூன்றாவது, நூலை மாணவனிடம் கொடுக்குமுன் முதல் இயலையும் நடுவில் ஓர் இயலையும் ஆசிரியரே படிக்க வேண்டும். முதல் இயல் ஈர்த்து நடு இயல் தளர்ந்தால் அது விளம்பரப் பலகை போன்றது. நான்காவது, முடிச்சு இறுகும் இடம்வரை உரக்கப் படித்துவிட்டு நூலை மூடிவிடுக. அன்று மாலையே நூலகத்தில் அந்நூலுக்குப் போட்டி எழும். இதனைப் பன்முறை கண்டிருக்கிறேன்.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். நம் பிள்ளைகள் படிக்கும் மர்மங்கள் பெரும்பாலும் சென்னையிலோ சோழ நாட்டிலோ அயல்நாட்டிலோ நிகழ்கின்றன. செம்பனைத் தோட்டத்து இருளும், மழைக்காலத்து ஆற்றுப் பெருக்கும், கைவிடப்பட்ட ரப்பர் ஆலையும் கதைக்களமாகத் தகாதனவா? கே. பாலமுருகன் போன்றோர் இந்நாட்டில் சிறுவர்க்கென மர்ம நாவல்கள் எழுத முன்வந்தமை மகிழ்ச்சிக்குரியது. அவற்றையும் மேற்சொன்ன கோலால் கூசாமல் அளந்து, நிறையும் குறையும் எடுத்துரைக்கத் திறனாய்வாளர் வேண்டும். புகழ்ச்சியுரை மட்டும் பெறும் எழுத்து வளர்வதில்லை.

இவ்வகை நூல்களே போதும் என்று நான் கூறவில்லை. இவை வாயில், வீடு உள்ளே இருக்கிறது. ஆனால் வாயிலை அடைத்துவிட்டு வீட்டின் சிறப்பைப் புகழ்வதால் யார் உள்ளே வருவார்? திருக்குறளும் சிலம்பும் தமிழ் படிக்கும் பழக்கமுள்ளவனுக்கே பயன்படும். அப்பழக்கம் பத்து வயதில் வரவில்லையெனில், முப்பது வயதில் வருதல் அரிது.

அப்பெயரற்ற நூல் இன்னும் என் மேசை அறையில்தான் இருக்கிறது. வேறு படி தேடியும் கிடைக்கவில்லை. அச்சிறுவன் கோடிட்ட மூன்றாம் பெயர் சரியா தவறா என்பதை நான் அறியேன். அவன் காட்டிய காரணங்களை மட்டும் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்திருக்கிறேன். அவை சரியாகவே இருக்கின்றன.