பேயை ஓட்டிய பின் எஞ்சும் பெண்

அச்சமும் சிரிப்பும் ஒன்றுக்கொன்று பகையானவை என்று பொதுவாக எண்ணுகிறோம். ஆயினும் தமிழ்த் திரையுலகம் இவ்விரண்டையும் ஒரே பானையில் சமைத்துப் பழகிவிட்டது. 2011இல் வெளிவந்த 'காஞ்சனா' பெற்ற பெருவெற்றிக்குப் பின், பேய்ப்படம் என்றாலே நகைச்சுவைப் படம் என்னும் நிலை உருவாயிற்று. இப்படங்களில் பேயாக வருபவர் பெரும்பாலும் அநீதியாகக் கொல்லப்பட்ட ஒரு பெண். அவரைக் கண்டு அலறுபவர் பெரும்பாலும் ஓர் ஆண். அந்த அலறலைக் கண்டு அரங்கம் சிரிக்கிறது. இச்சிரிப்பு யாரை நோக்கியது? எதை வெளிப்படுத்துவது, எதை மறைப்பது? பெரும் வணிக நிறுவனங்களுக்கு வெளியே உருவாகி 2024இல் வெளிவந்த 'சிஸ்டர் மிட்நைட்' என்னும் இந்திப் படம் இக்கேள்விகளைத் தவிர்க்க முடியாதவை ஆக்கியிருக்கிறது. அதற்கு விடை தேடுமுன் நம் மண்ணின் பழம்பேய் ஒன்றைச் சந்தித்தாக வேண்டும்.

பழையனூர் நீலியின் கதையைத் தமிழகம் நன்கறியும். கணவனால் கொல்லப்பட்ட ஒரு பெண் பேயாகிறாள். மறுபிறவியில் வணிகனாகப் பிறந்த அவனைத் திருவாலங்காட்டை அடுத்த பழையனூர் வரை பின்தொடர்கிறாள். கள்ளிக் கிளையொன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்திக்கொண்டு, தன் கணவன் தன்னைக் கைவிட்டு ஓடுவதாக ஊரவையில் முறையிடுகிறாள். அவையிலிருந்த வேளாளர் எழுபதின்மர் அவளை நம்பி, வணிகனை அன்றிரவு அவளோடு தங்கச் செய்கின்றனர்; அவன் உயிருக்குத் தாங்களே பிணை என்றும் வாக்களிக்கின்றனர். விடிந்ததும் வணிகன் பிணமாகக் கிடக்க, சொன்ன சொல் காக்க எழுபதின்மரும் தீப்பாய்ந்தனர் என்பது கதை.

வாய்மைக்குச் சான்றாகவே இக்கதை காலங்காலமாகப் போற்றப்பட்டு வந்துள்ளது. ஆனால் இதனுள் கசப்பான ஓர் எள்ளலும் ஒளிந்திருக்கிறது. உயிரோடிருந்தபோது நீலியின் குரலுக்கு எந்த அவையும் செவிசாய்க்கவில்லை. கணவனோடு சேர்த்து வையுங்கள் என்று மனைவியின் வேடம் பூண்டு அழுதபோதுதான் ஊர் முழுதும் அவள் பக்கம் நின்றது. ஊர் வகுத்த இல்லற நெறியையே வலையாக்கி ஊரைப் பிடித்தவள் நீலி. நம் மொழியோ அவளுக்கு என்ன செய்தது? 'நீலிக் கண்ணீர்' என்ற சொல்லைத் தந்து, அவள் பொய்யாக அழுததை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டது. அவள் கொல்லப்பட்டதை மறந்துவிட்டது.

நீலிக்கு வேறொரு வாழ்வும் உண்டு. ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றான நீலகேசியில், அந்தப் பழையனூர்ப் பேய் ஒரு சமண முனிவரிடம் அறம் கேட்டுத் தெளிகிறது. பின்னர்ப் பல சமயத்தாரோடும் சொற்போர் புரிந்து வெல்கிறது. பேயை ஓட்டாமல் அதற்குக் கல்வி தந்து அவைக்கு அனுப்பிய பெருமை ஒரு தமிழ்க் காப்பியத்துக்கு உண்டு.

இது ஏட்டோடு நின்றுவிட்ட செய்தியன்று. சேத்தியாத்தோப்பும் விருத்தாசலமும் அடங்கிய இப்பகுதி 1993 வரை தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. அம்மாவட்டத்தின் செஞ்சி வட்டாரத்தில் பேயோட்டும் சடங்குகளை ஆராய்ந்த மானிடவியலாளர் இசபெல் நபோக்கவ், 1997இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 'காதலனை விரட்டு, மனைவியை மீட்டெடு' என்பது அதன் தலைப்பின் பொருள். பேய் பிடித்தவர் என்று அழைத்துவரப்பட்டவர்களில் புதிதாக மணமான பெண்களே மிகுதி என்பதை அவர் கண்டார். அகால மரணமடைந்த ஓர் இளைஞனின் ஆவி அப்பெண்ணின் மேல் ஆசை கொண்டு பற்றிவிட்டது என்பது விளக்கம். பம்பை ஒலிக்க, அவள் ஆடுகிறாள். அவள் வாயால் பேய் பேசுகிறது. இறுதியில் அவளுடைய ஒரு கற்றை முடி புளியமரத்தில் ஆணியால் அறையப்படுகிறது. பேய் மரத்தில் தங்கிவிட, பெண் கணவன் வீட்டுக்குத் திரும்புகிறாள். புகுந்த வீட்டில் அவளுக்கு நேர்ந்தது என்ன என்று பம்பைக்காரர் அவளிடம் கேட்பதில்லை. அவர் கேள்விகளெல்லாம் பேயை நோக்கியவை.

நமது பேய் நகைச்சுவைப் படங்களும் பெரும்பாலும் இச்சடங்கின் அமைப்பையே பின்பற்றுகின்றன. 'காஞ்சனா'வின் முற்பகுதியில், ஆவி புகுந்த நாயகன் சேலையும் வளையலுமாக நடமாடுவதைக் கண்டு அரங்கம் சிரிக்கிறது. பெண்மையே அங்கு கேலிப் பொருள். பிற்பகுதியில், சரத்குமார் ஏற்ற திருநங்கைப் பாத்திரத்தின் துயரக் கதை விரிகையில் அதே அரங்கம் கண் கலங்குகிறது. திருநங்கை ஒருவரை மதிப்புக்குரியவராகப் பெருந்திரையில் நிறுத்தியதற்காக ராகவா லாரன்ஸைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் சற்றுமுன் சிரித்த சிரிப்புக்குப் படம் நம்மிடம் கணக்குக் கேட்கவில்லை. 2014இல் வந்த 'அரண்மனை'யிலும் பேயின் குறையைச் சொல்ல ஒரு முன்கதை வருகிறது; பழி தீர்கிறது; குடும்பம் நிம்மதி அடைகிறது. இறந்தால்தான் ஒரு பெண் கோபப்படலாம், கோபம் தீர்ந்தால் அவள் போய்விட வேண்டும் என்பது இவற்றின் எழுதப்படாத விதி.

சிரிப்பின் திசையை ஓரளவு மாற்றிக் காட்டிய படம், அமர் கௌஷிக் இயக்கி 2018இல் வெளிவந்த 'ஸ்த்ரீ'. மத்தியப் பிரதேசத்தின் சந்தேரி நகரில், விழா நடக்கும் நான்கு இரவுகளில் ஒரு பெண் பேய் ஆண்களைத் தூக்கிச் செல்கிறது. இருட்டியபின் தனியே வெளியே போகாதீர்கள் என்று மனைவியர் கணவர்களை எச்சரிக்கின்றனர். பெண்கள் நாள்தோறும் கேட்டுச் சலித்த அறிவுரையை ஆண்களின் மேல் திருப்பிய அந்த எள்ளல் கூர்மையானது. பேய் வேண்டுவது பழியை அன்று, அன்பையும் மதிப்பையுமே என்று படம் சொல்வதும் நன்று. ஆயினும் இங்கும் அப்பெண் இறந்த பிறகே பேசுகிறாள்.

'சிஸ்டர் மிட்நைட்' அவ்விதியை உடைக்கிறது. லண்டனில் வாழும் இந்திய வம்சாவளியினரான கரண் கந்தாரியின் முதல் முழுநீளப் படம் இது. 2024இல் கான் திரைப்பட விழாவின் 'இயக்குநர்களின் இருவாரம்' பிரிவில் திரையிடப்பட்டது. 2025இல் பிரித்தானியத் திரைப்பட அகாதெமியான பாஃப்டாவின் அறிமுகப் படைப்பாளர் விருதுக்கு முன்மொழியப்பட்டது. கதை எளியது. பெற்றோர் பார்த்து முடித்த திருமணத்தின் வழியே உமா மும்பையின் ஓர் ஒற்றை அறைக் குடிசைக்கு வந்து சேர்கிறாள். அவளுக்குச் சமைக்கத் தெரியாது. கணவன் கோபாலுக்குப் பேசத் தெரியாது. அவன் கொடியவன் அல்லன்; மனைவி என்னும் மனிதப் பிறவியோடு எப்படி வாழ்வது என்று எவரும் அவனுக்குக் கற்பிக்கவில்லை. நாட்கள் செல்லச் செல்ல உமாவின் உடலில் இனம் புரியாத நோய் ஒன்று மூள்கிறது; பறவைகளின், ஆடுகளின் இரத்தத்துக்கு அவள் ஏங்குகிறாள். அயலார் அவளைச் சூனியக்காரி என அஞ்சத் தொடங்குகின்றனர்.

ராதிகா ஆப்தே இவ்வேடத்தை முகத்தை இறுக்கிக்கொண்டு, ஊமைப்படக் காலத்து நகைச்சுவை நடிகர்களைப் போல் உடலால் நடித்திருக்கிறார். நகைப்பு எழும் இடங்கள் கவனிக்கத்தக்கவை. ஒரே கட்டிலில் இருவர் அந்நியராய்ப் படுத்திருப்பது, அடுப்பின் முன் உமா திகைத்து நிற்பது, அண்டை வீட்டுப் பெண் தன் பட்டறிவால் அவளுக்குப் பாடம் சொல்வது ஆகிய அன்றாடக் காட்சிகளிலேயே நாம் சிரிக்கிறோம். இரத்தம் பின்னர்தான் வருகிறது. வீடு என்று நாம் அழைக்கும் ஏற்பாடே முதலில் விசித்திரமாகத் தெரிகிறது. பேய்த்தன்மை அதன் விளைவாகத் தோன்றுகிறது. எந்தப் பூசாரியாலும் உமா பழைய மருமகளாக மாற்றப்படுவதில்லை. தான் என்னவாக ஆகியிருக்கிறாளோ அதோடு வாழ அவள் கற்றுக்கொள்கிறாள். நீலகேசியின் தூரத்து உறவினள் இவள்.

குறைகளும் இல்லாமல் இல்லை. உமா எந்த ஊர்ப் பெண், எந்த ஆசைகளோடு வந்தாள் என்பதைப் படம் போதிய அளவு சொல்லவில்லை. பிற்பகுதி ஒன்றோடொன்று ஒட்டாத விந்தைகளாகச் சிதறுகிறது. வறுமை சில வேளைகளில் அழகிய பின்னணியாகிவிடுகிறது. முதிர்ந்தோர் மட்டுமே காணத்தக்க காட்சிகளும் இதில் உண்டு. இத்தனைக்கும் பிறகு, படம் எழுப்பும் வினா நம்மை விட்டு அகல்வதில்லை.

அவ்வினா விவிலியம் அறிந்தோர்க்கும் புதிதன்று. ஏழு பேய்கள் நீங்கிய மகதலா மரியாவை லூக்கா நற்செய்தி அறிமுகப்படுத்துகிறது. அவர் பழைய மௌனத்துக்குத் திருப்பி அனுப்பப்படவில்லை. இயேசுவோடு பயணம் செய்தார், சிலுவையருகே நின்றார், உயிர்ப்பின் செய்தியைச் சீடர்களுக்கு முதலில் அறிவித்தார். அவருடைய நினைவு நாளை 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் விழாவாக உயர்த்தினார். பேய் நீங்கியது அவர் கதையின் தொடக்கமே.

ஆதலால் பேய்ப்படம் பார்த்துச் சிரிப்பதில் தவறில்லை. சிரித்து முடித்தபின் ஒன்றை மட்டும் கேட்டுப் பார்ப்போம்: பேய் போய்விட்டது, அந்தப் பெண் சொல்ல வந்தது என்ன? நம் வீட்டுக்கு மருமகளாய் வந்து, சில நாட்களாய்ச் சரியாக உண்ணாமல், யாரோடும் பேசாமல் இருப்பவளிடம் அதைக் கேட்க அவள் நீலியாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை.