சிலுவையின் அரசும் ‘அடிமை’ என்னும் சொல்லும்: மாற்கு நற்செய்தியின் இரு தமிழாக்கங்கள் குறித்து

மாற்கு நற்செய்தியில் இயேசுவுக்கு ‘அரசர்’ என்னும் சொல் வழங்கப்படுவது 15ஆம் அதிகாரத்தில் மட்டுமே. அங்கு அது 6 முறை வருகிறது. அச்சொல்லை ஆள்வோர் பிலாத்தும் அவனுடைய படைவீரரும் ஏளனம் செய்த தலைமைக் குருக்களும். அதையே தாங்கி நிற்பது சிலுவையில் எழுதப்பட்ட குற்ற அறிவிப்பு. சீடர் எவரும் அச்சொல்லை எடுக்கவில்லை. எருசலேமுக்குள் அவர் நுழையும்போது எழும் வாழ்த்தொலியிலும் தாவீதின் அரசு வருவதை மாற்கு சொல்கிறாரேயன்றி, லூக்காவும் யோவானும் செய்வதுபோல் வருபவரை அரசர் என்று அழைப்பதில்லை. ஆக, இப்பட்டம் கொல்பவர் வாயில் கேலியாக மட்டுமே ஒலிக்கிறது. அக்கேலியே மெய் என்பதை அறிந்தவர் வாசகர் ஒருவரே. செவ்வூதா ஆடை, முள்முடி, முழந்தாளிட்ட வணக்கம் என முடிசூட்டு விழாவின் உறுப்புகள் அனைத்தும் முறைப்படி அமைந்துள்ளன. அரசரின் வலப்புறமும் இடப்புறமும் உள்ள இருக்கைகள்கூட நிரப்பப்படுகின்றன. 10ஆம் அதிகாரத்தில் யாக்கோபும் யோவானும் கேட்ட அவ்விடங்கள் 15:27இல் இரு கள்வருக்குக் கிடைக்கின்றன. கிரேக்க மூலத்தில் 10:40இலும் 15:27இலும் அவ்விடங்களைச் சுட்டும் சொற்கள் ஒன்றே.

எனவே, தலைமை பற்றிய 10:42–45 பகுதியைச் சிலுவைக் காட்சியோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்பது மாற்கின் கருத்தென்று கொள்ளலாம். அவ்வாறு படிக்கத் தமிழாக்கங்கள் இடம் தருகின்றனவா என்பதே ஈண்டு ஆய்வுக்குரியது.

மூலத்தில் இரு சொற்கள் உள்ளன. பெரியவராக விரும்புபவர் ‘தியாக்கோனோஸ்’ ஆகவேண்டும். முதல்வராக விரும்புபவர் ‘தூலோஸ்’ ஆகவேண்டும். முன்னது பந்தியில் பரிமாறுவது முதலான பணிகளைச் செய்பவரைக் குறிக்கும். பின்னது விலைக்கு வாங்கப்பட்ட அடிமையையே குறிக்கும். முதல் தொடரில் ‘உங்களுக்கு’ என்றிருப்பது இரண்டாம் தொடரில் ‘எல்லாருக்கும்’ என விரிகிறது. ஆசை உயர உயர நிலை தாழ்கிறது. தாழ்வின் எல்லையும் அகல்கிறது. இவ்வாக்கின் வலிமை முழுவதும் இப்படிமுறை இறக்கத்தில் தங்கியுள்ளது.

பவர் தலைமையிலான குழுவினர் ஆக்கி 1871இல் வெளிவந்த திருப்புதல், முதற்சொல்லைப் ‘பணிவிடைக்காரன்’ என்றும் இரண்டாவதை ‘ஊழியக்காரன்’ என்றும் பெயர்க்கிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் இவை முறையே ‘தொண்டர்’, ‘பணியாளர்’ என்று அமைகின்றன. இரண்டிலும் இறக்கம் நிகழவில்லை. பணிவிடைக்காரனிலிருந்து ஊழியக்காரனுக்குச் செல்லும் வாசகர் ஒரு படியும் கீழே இறங்குவதில்லை. மேலே ஏறுவதாகவும் தோன்றக்கூடும். பழைய திருப்புதலில் அடுத்த வசனமே மானிடமகனின் செயலுக்கும் ‘ஊழியம்’ என்ற சொல்லை ஆள்வதால், மூலத்தின் இரு சொற்களும் ஒன்றில் கரைந்துவிடுகின்றன.

மொழிபெயர்ப்பாளர்கள் ‘தூலோஸ்’ என்பதன் பொருளை அறியாதவர்கள் என்று கூற இயலாது. பிலிப்பியர் 2:7இல் கிறிஸ்து ஏற்ற வடிவத்தைச் சொல்லும்போது இரு தமிழாக்கங்களும் தயங்காமல் ‘அடிமை’ என்றே எழுதுகின்றன. 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு இரு இடங்களிலும் பணியாள் என்னும் பொருள்படும் ஒரே சொல்லால் நிறைவடைந்தது. தமிழ்க் குழுவினர் பிலிப்பியரில் அதனைக் கடந்து மூலத்தை நெருங்கியவர்கள். அதே சொல் மாற்கில் சீடரின் தலைமையைப் பற்றி வரும்போது மென்மையாகிறது. அடிமை நிலை கிறிஸ்துவுக்கு உரியதாகவும், ஊழியம் அவருடைய சபைத் தலைவர்களுக்கு உரியதாகவும் பங்கிடப்பட்டுவிட்டது. உரோமர் 1:1இல் பவுல் தம்மைக் குறிக்கும் ‘தூலோஸ்’ என்பதும் பழைய திருப்புதலில் ‘ஊழியக்காரன்’ ஆவது இப்பங்கீட்டை உறுதிப்படுத்துகிறது.

இது வெறும் சொற்பிரச்சினை அன்று. உரோமப் பேரரசில் சிலுவை சிறப்பாக அடிமைகளுக்குரிய தண்டனையாகக் கருதப்பட்டது. கி.மு. 71இல் ஸ்பார்த்தகசின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின், பிடிபட்ட 6000 பேர் கப்புவாவிலிருந்து உரோம் வரையிலான அப்பியா நெடுஞ்சாலையில் சிலுவையில் அறையப்பட்டனர் என அப்பியான் எழுதுகிறார். ‘எல்லாருக்கும் அடிமை’ என்ற தொடரைக் கேட்ட முதல் வாசகர், அடிமையின் சாவு எத்தகையது என்பதையும் அறிந்தவராகவே இருந்திருப்பார். 10:44க்கும் 15ஆம் அதிகாரத்துக்கும் இடையிலுள்ள பாலம் அச்சொல். அதை எடுத்துவிட்டால் சிலுவை மீட்பின் செயலாக எஞ்சும். அதிகாரத்தை அளக்கும் கோலாக எஞ்சாது.

அச்சொல்லைத் தவிர்த்ததற்குத் தமிழிலேயே காரணங்கள் உண்டு. பக்தி மரபில் ‘அடிமை’ இழிசொல் அன்று. தடுத்தாட்கொண்ட புராணத்தில் முதியவராக வரும் சிவபெருமான் ஆளோலை காட்டிச் சுந்தரரைத் தமக்கு அடிமை என வழக்காடி வெல்கிறார். வைணவத்திலும் இறைவனுக்கு அடிமை என்பது உயிரின் உயர்நிலை. ஆயினும் அங்கு மனிதர் இறைவனுக்கு அடிமை. இங்கோ தலைவர் எல்லாருக்கும் அடிமை. மறுபுறம், 1843ஆம் ஆண்டின் சட்டத்துக்கு முன்பும் அதன் பின்பும் தமிழ்நாட்டு வயல்களில் அடிமை என்பது சாதியோடு பிணைந்த உண்மை நிலை. திருச்சபைத் தலைவர் ஒருவர் அச்சொல்லால் தம்மைக் கூறிக்கொள்வது அன்றைய சமூகத்தில் தாங்கக்கூடியதாக இருந்திராது. தாங்க முடியாமையே இயேசுவின் வாக்கின் உட்கிடை என்பதையும் மறத்தலாகாது. 1995இன் ‘தொண்டர்’ என்ற தேர்வு எதிர்பாராத ஒரு வலிமை பெற்றுள்ளது: இன்றைய தமிழ் அரசியல் வழக்கில் தொண்டர் என்பது தலைவர் என்பதன் எதிர்ச்சொல். மேடைக்குக் கீழே நிற்பவரே பெரியவர் என்று அவ்வசனம் இப்போது ஒலிக்கிறது. அடுத்து வரும் ‘பணியாளர்’ அவ்வொலியைத் தணித்துவிடுகிறது.

தமிழின் மரியாதைப் பன்மையும் கருதத்தக்கது. கிரேக்கத்தில் இல்லாத ஒரு தீர்ப்பைத் தமிழாக்குபவர் ஒவ்வொரு வினைமுற்றிலும் வழங்கவேண்டியுள்ளது. பழைய திருப்புதலின் மாற்கு 15:2இல் பிலாத்து கைதியை ‘நீ’ என்கிறான். கைதியோ ஆளுநனை ‘நீர்’ என்கிறார். கதைகூறுபவரோ ஆளுநனுக்கு ‘ஆன்’ விகுதியும் கைதிக்கு ‘ஆர்’ விகுதியும் தருகிறார். முடிசூட்டு இலக்கணத்திலேயே நிகழ்ந்துவிடுகிறது. இது அழகிய தீர்வு எனலாம். எனினும் இதற்கு ஒரு விலை உண்டு. படைவீரர் கண்ட அந்த ஒன்றுமற்ற மனிதனைத் தமிழ் வாசகர் ஒருபோதும் காண்பதில்லை.

அக்காட்சியைத் தமிழ்ச் செய்யுளில் ஆழமாக எதிர்கொண்டவர் 1858இல் திருமுழுக்குப் பெற்ற, வைணவக் குடியில் பிறந்த எச்.ஏ. கிருட்டிணப் பிள்ளை. 1894இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகத்தின் இரட்சணிய சரிதப் படலத்தில், இயேசுவைக் கட்டியிருந்தது கயிறன்று, பகைத்தவர்பால் அவர் கொண்ட அன்பே என்ற கருத்தைப் ‘பாசம்’ என்னும் சொல்லின் இருபொருளால் அமைக்கிறார். கட்டுண்டவரின் விருப்பமே கட்டு என்னும் இவ்விளக்கம், பிலிப்பியர் மடலின் கருத்தைத் தமிழ்ச்சொல் ஒன்றுக்குள் அடக்கிவிடுகிறது. 1726இன் தேம்பாவணி வேறுவழி செல்கிறது. அது தச்சராகிய வளனைத் தலைவராக்கும் துணிவுடையது. ஆனால் காப்பிய மரபுக்கு இணங்க வானுலக முடிசூட்டில் நிறைவுறுகிறது. காப்பியம் எதிர்பார்க்கும் முடி இறுதியில் வருவது. மாற்கின் முடி சாவுக்கு முன்னரே, கொல்பவர் கையால் சூட்டப்படுகிறது.

பிற்காலத்தில் இவ்விரு கருத்துகளும் தனித்தனியே வளர்ந்தன. 11ஆம் பத்திநாதர் 1925இல் நிறுவிய கிறிஸ்து அரசர் பெருவிழா அரசுரிமையை முன்னிறுத்தியது. மூன்றாண்டுச் சுழற்சியில் ஓராண்டு லூக்காவின் சிலுவைக் காட்சி அதற்கு வாசகமானது பின்வந்த திருத்தமே. ராபர்ட் கிரீன்லீஃபின் 1970ஆம் ஆண்டுக் கட்டுரை ‘பணியாள் தலைமை’ என்ற கருத்தை மேலாண்மைத் துறைக்குத் தந்தது. அதன் ஊற்று எர்மன் எசேயின் புதினம். அங்குச் சிலுவைக்கு இடமில்லை. எனவே அத்தலைமையில் எவரும் எதையும் இழக்கவேண்டியதில்லை.

தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளில், புலம்பெயர் நாடுகளின் சபைகள் உட்பட, ‘ஊழியக்காரர்’ என்பது இன்று ஒரு பட்டம். அவருக்கு முன்வரிசையில் இருக்கை உண்டு. அவர் சொல்லுக்கு மறுசொல் கூறுவது அரிது. அச்சொல் 10:44இல் அமர்ந்திருப்பதால், அவ்வசனம் அவரைக் கேள்வி கேட்பதற்கு மாறாக அவருக்குச் சான்று பகர்கிறது. இனிவரும் திருத்தப் பதிப்புகளுக்குப் புதுச்சொல் தேட வேண்டிய தேவை இல்லை. வேண்டிய சொல் பிலிப்பியர் மடலின் 2ஆம் அதிகாரத்தில், இரு தமிழாக்கங்களிலும், முன்னரே உள்ளது.